சேலத்துக் கிராமச் சாலை, ஏற்காடு மலைப்பாதை: கவனம் சிதறாமல் சரியான வேகத்தில் ஓட்ட முழுமையான வழிகாட்டி

லைசென்ஸ் வாங்கி, டவுனுக்குள் ஓரளவு கை பழகி, அடுத்து "ஏற்காடு போய்ட்டு வரலாம்" என்று கிளம்புகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். புதிதாக ஓட்டுகிறவர்களுக்குப் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து பழக்கிவிடுவது என் வேலை. கிளட்ச், கியர், ஸ்டியரிங் எல்லாம் பத்து நாளில் வந்துவிடும். அதற்குப் பிறகும் தடுமாறுவது இரண்டு இடத்தில். எவ்வளவு வேகம் போகலாம் என்பதை முன்னால் போகிற வண்டியைப் பார்த்து முடிவு செய்கிறார்கள். கிளம்பும் முன் முடித்திருக்க வேண்டிய வேலைகளை வண்டி ஓடும்போது நினைத்துக்கொள்கிறார்கள்.

இங்கே ஒரு சுற்றை எடுத்துக்கொள்கிறேன்: கோரிமேடு வழியாக அடிவாரம், அங்கிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகள் ஏறி ஏற்காடு, இறக்கம் குப்பனூர் பக்கம், பிறகு வலசையூர், வீராணம் வழியாகச் சேலம். மலை, ஒற்றைத்தடம், ஊர்ச் சாலை, இருட்டு எல்லாம் இந்த ஒரே சுற்றில் வந்துவிடும். வாழப்பாடி, ஆத்தூர், ஓமலூர் பக்கம் ஓட்டுகிறவர்களுக்கும் மலைப் பகுதியைத் தவிர மற்றதெல்லாம் பொருந்தும்.

1. சாவி போடும் முன்: போன்

போனை முதலில் வைப்பதற்குக் காரணம் உண்டு. டயர், பிரேக் எல்லாம் சரியாக இருந்து, ஓட்டுகிறவர் கண் சாலையில் இல்லையென்றால் எதுவும் உதவாது.

போக வேண்டிய இடத்தை மேப்பில் போட்டு, வழியை ஒருமுறை முழுவதும் பாருங்கள். மலையில் பல இடங்களில் சிக்னல் விட்டுவிட்டு வரும். பாதி வழியில் மேப் நின்றால் கை தானாகப் போனுக்குப் போகும். வரைபடத்தை முன்பே இறக்கி வைத்துக்கொண்டால் அந்தத் தேவையே இல்லை.

அடுத்து, உங்களை அழைக்கக்கூடியவர்களை நீங்களே அழைத்துவிடுங்கள். வழியில் வரும் அழைப்புகளில் பெரும்பாதி "எங்கப்பா வர்ற?" என்பதுதான். "இப்பக் கிளம்பறேன், மேல போய்ச் சேர்ந்ததும் நானே கூப்பிடறேன், நடுவுல கூப்பிடாதீங்க" என்று வீட்டில் சொல்லிவிட்டால் அது நின்றுவிடும். வண்டியில் போகிறவரை அழைத்து, அவர் எடுத்ததும் பேச்சை நீட்டுகிறவருக்கும் இதில் பங்கு உண்டு. ஓட்டுகிறார் என்று தெரிந்தால் "நிறுத்திட்டுக் கூப்பிடு" என்று சொல்லி வைத்துவிட வேண்டும்.

பிறகு தொந்தரவு செய்யாதே என்ற அமைப்பைப் போடுங்கள். ஓட்டும்போது தானாகப் பதில் அனுப்பும் வசதி பல போன்களில் இருக்கிறது. வெறும் சைலன்ட் போதாது. தொடையில் ஒரு அதிர்வு வந்தாலே "யாரா இருக்கும்?" என்று மனம் பாதி அங்கே போய்விடும்.

காரில் போனை வைக்கும் இடம் கண்ணாடிக்குக் கீழே, ஸ்டியரிங்குக்கு அருகில், தாங்கியில். மடியிலோ கியருக்குப் பக்கத்துக் குழியிலோ வைத்தால் தலை குனிய வேண்டும். பைக்கில் மேப் தேவையில்லாதவர்கள் போனைப் பையில் போட்டு ஜிப்பை மூடுங்கள். ஹெல்மெட்டுக்கும் காதுக்கும் நடுவில் போனைச் செருகிக்கொண்டு போகிறவர்களைத் தினமும் பார்க்கிறோம். அது நழுவும் நொடியில் ஒரு கை ஹேண்டில்பாரை விட்டுவிடுகிறது.

சட்டத்தைப் பற்றிச் சுருக்கமாக: மோட்டார் வாகனச் சட்டத்தின் 2019 திருத்தத்துக்குப் பிறகு, ஓட்டும்போது போனைக் கையில் பிடித்துப் பயன்படுத்துவது 184-ஆம் பிரிவின்படி ஆபத்தான ஓட்டுதலில் சேரும். வழி பார்ப்பதற்கு மட்டும், கவனம் கெடாத விதத்தில், போனைப் பயன்படுத்த 2020-ல் விதி இடம் கொடுத்தது. மேப்பை ஓடவிடலாம் என்பதுதான் அதன் பொருள். ஓட்டிக்கொண்டே ஊர்ப் பெயர் தட்டச்சு செய்யலாம் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

புளூடூத்தில் பேசினால் கை சும்மா இருக்கிறதே என்பார்கள். கை சும்மா இருக்கும், மனம் இருக்காது. பக்கத்தில் உட்கார்ந்து பேசுகிறவருக்கு எதிரே லாரி வருவது தெரியும்; பேச்சைத் தானாக நிறுத்துவார். போனில் பேசுகிறவருக்குத் தெரியாது. நீங்கள் பதில் சொல்லாவிட்டால் "ஹலோ, ஹலோ" என்று இன்னும் சத்தமாகக் கேட்பார். அடிவாரத்துக்கு மேலே புளூடூத் பேச்சும் வேண்டாம் என்பது நான் விட்டுக்கொடுக்காத நிபந்தனை.

2. வண்டிக்குள்ளே உருளுவதும் ஆடுவதும்

தண்ணீர் பாட்டிலைக் கதவுப் பையில் வையுங்கள். சீட்டுக்கு அடியில் கிடக்கும் பாட்டில் இறக்கத்தில் உருண்டு வந்து பிரேக் பெடலுக்குக் கீழே நிற்கும். குனிந்து எடுக்கப் பார்ப்பதும் ஆபத்து, எடுக்காமல் விடுவதும் ஆபத்து. தளர்ந்த கால்மிதிக்கும் இதே கதைதான்.

மலை ஏறினால் வாந்தி வருகிறவர்கள் யார் என்று கிளம்பும் முன்பே கேளுங்கள். அவர்களை ஜன்னல் ஓரம் உட்கார வைத்து, எலுமிச்சம்பழமும் கவரும் கையிலேயே கொடுத்துவிடுங்கள். ஒன்பதாவது வளைவில் பின்சீட்டில் குழந்தை வாந்தி எடுத்தால் எந்த அப்பாவும் திரும்பிப் பார்க்காமல் இருக்க மாட்டார். அதனால் அந்த வேலையை இன்னொருவரிடம் இங்கேயே ஒப்படைத்துவிட வேண்டும்.

பாட்டு, ஏசி, சீட், கண்ணாடிகள் எல்லாவற்றையும் வண்டி நிற்கும்போதே சரி செய்யுங்கள். முன்கண்ணாடியை உள்பக்கமும் துடைக்க வேண்டும். பலரும் வெளியே மட்டும் துடைக்கிறார்கள். உள்ளே படிந்த எண்ணெய்ப் படலம் பகலில் தெரியாது. இரவில் எதிர் விளக்கு பட்டதும் கண்ணாடி முழுக்க வெள்ளையாகிவிடும்.

பைக்கில் போகிறவர்கள் ஹெல்மெட்டின் முன்கண்ணாடியில் கீறல் இருந்தால் மாற்றிவிடுங்கள். இரண்டு பிரேக்கும் பிடிக்கின்றனவா என்று நிறுத்திய இடத்திலேயே தள்ளிப் பாருங்கள். டயரில் காற்று, ஹெட்லைட், பிரேக் லைட் இதெல்லாம் எல்லோருக்கும் தெரிந்தது, பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.

3. வேகத்தைக் கணக்கிடுவது: கரண்ட் கம்பத்தை வைத்து

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு பகுதியைத்தான் படிக்க நேரம் இருக்கிறது என்றால் இதைப் படியுங்கள்.

எவ்வளவு வேகம் போகலாம் என்பதை வண்டியின் சக்தியோ, பின்னால் ஹாரன் அடிக்கிறவரோ, பலகையோ முடிவு செய்யக் கூடாது. உங்கள் கண்ணுக்குத் தெரியும் சாலையின் நீளம்தான் முடிவு செய்ய வேண்டும். தெரிகிற தூரத்துக்குள் வண்டியை நிறுத்த முடிந்தால் வேகம் சரி, முடியாவிட்டால் அதிகம்.

நிறுத்தும் தூரத்தில் இரண்டு பங்கு இருக்கிறது. ஆபத்தைப் பார்த்துக் கால் பிரேக்குக்குப் போகும்வரை வண்டி ஓடும் தூரம் ஒன்று. இதற்குச் சாதாரணமாக ஒன்றரை நொடி எடுத்துக்கொள்ளுங்கள். பிரேக் பிடித்த பிறகு ஓடும் தூரம் இன்னொன்று. காய்ந்த தார்ச் சாலையில், நல்ல டயரில், இரண்டையும் கூட்டினால் 20 கிலோமீட்டர் வேகத்தில் சுமார் 10 மீட்டர், 40-ல் சுமார் 26 மீட்டர், 60-ல் சுமார் 45 மீட்டர், 80-ல் சுமார் 70 மீட்டர். மழைச் சாலையில் 60-ல் போனால் 60 மீட்டர் வரை போய்விடும்.

மீட்டரைக் கண்ணால் அளக்க வராது என்பார்கள். சாலையோரக் கரண்ட் கம்பங்களைப் பாருங்கள். கிராமங்களில் ஒரு கம்பத்துக்கும் அடுத்ததுக்கும் பெரும்பாலும் 40 முதல் 50 மீட்டர் இருக்கும். அதை ஒரு கம்ப தூரம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டு வண்டிகள் தாராளமாக விலகும் சாலையில் ஒரு கம்ப தூரம்தான் தெளிவாகத் தெரிகிறது என்றால் 50-ஐத் தாண்டாதீர்கள். 60 போக வேண்டுமானால் அதற்கும் அப்பால் தெரிய வேண்டும். ஒற்றைத்தடச் சாலையில் கணக்கே வேறு: எதிரே வருகிறவருக்கும் நிற்க இடம் வேண்டும், அதனால் தெரிகிற தூரத்தில் பாதிதான் உங்களுடையது. அங்கே ஒரு கம்ப தூரம் தெரிந்தால் 30-க்கு மேல் போகாதீர்கள். கரும்புத் தோட்டமோ சோளக்கொல்லையோ மறைத்து 20 மீட்டர்தான் தெரிகிறது என்றால் 20. கேட்கச் சிரிப்பாக இருக்கும். அந்த வளைவுக்குப் பின்னால் பள்ளி வேன் வந்தால் சிரிப்பு வராது.

இப்போது போனை இந்தக் கணக்கில் சேருங்கள். 60-ல் போகும் வண்டி ஒரு நொடியில் கிட்டத்தட்ட 17 மீட்டர் ஓடும். இரண்டு நொடி போனைப் பார்த்தால் 33 மீட்டர். ஏற்கெனவே வேண்டிய 45 மீட்டரோடு இதைக் கூட்டினால் 78. அதாவது, 60-ல் போய்க்கொண்டே போனை ஒரு பார்வை பார்க்கிறவருக்கு, கவனமாக 80-ல் போகிறவரைவிட அதிக தூரம் தேவைப்படுகிறது. ஸ்பீடாமீட்டர் மட்டும் 60 என்றே காட்டிக்கொண்டிருக்கும்.

2018-ல் மத்திய அரசு அறிவித்த உச்சவரம்பு, நான்கு வழிச்சாலை அல்லாத சாதாரண சாலைகளில் காருக்கு 70, பைக்குக்கு 60 என்று இருந்தது. உள்ளூர்ப் பலகை அதைவிடக் குறைவாகச் சொன்னால் பலகைதான் செல்லும். இது அதிகபட்சம். "போர்டுல 60 போட்டிருக்கே, நான் 55-லதானே வந்தேன்" என்று வளைவுக்குப் பின்னால் ஆட்டுமந்தையைப் பார்த்த பிறகு சொல்லிப் பயனில்லை.

வேகத்தால் மிச்சமாகும் நேரத்தையும் ஒருமுறை கணக்குப் பாருங்கள். 12 கிலோமீட்டர் கிராமச் சாலையை 60-லேயே கடந்தால் 12 நிமிடம், 45-ல் கடந்தால் 16 நிமிடம். உண்மையில் அந்த 60 எங்கேயும் முழுதாகக் கிடைக்காது. வேகத்தடையும் ஊரும் அதைத் தின்றுவிடும். மிச்சமாவது ஒரு டீ குடிக்கும் நேரம்கூட இல்லை.

4. ஊர்ச் சாலை: கண் எந்த வரிசையில் போக வேண்டும்

புதியவர்களின் கண் பானெட்டுக்கு முன்னால் பத்து மீட்டரிலேயே நிற்கும். பள்ளத்தைத் தேடிக்கொண்டே போவார்கள். முதலில் தூரம், பிறகு இரண்டு ஓரங்கள், பிறகு கண்ணாடி, கடைசியாகத்தான் கிட்டத்துப் பள்ளம். தூரத்தில் பார்த்துவிட்டால் பள்ளமும் முன்பே தெரிந்துவிடும்.

ஊர் தொடங்குவதைப் பலகைக்கு முன்பே சில அடையாளங்கள் சொல்லும்: தண்ணீர்த் தொட்டி, கோயில் கோபுரம், கொடிக்கம்பம், புளியமரத்தடியில் நிற்கும் பைக்குகள். இவற்றில் ஒன்று தெரிந்ததும் காலை ஆக்சிலேட்டரிலிருந்து எடுங்கள். பல ஊர்களில் முதல் வேகத்தடை வெள்ளைக்கோடு அழிந்து தாரின் நிறத்திலேயே கிடக்கும். பைக்கில் பின்னால் உட்கார்ந்திருப்பவர், குறிப்பாகப் பக்கவாட்டில் உட்கார்ந்திருக்கும் அம்மா, அதில்தான் தூக்கி எறியப்படுகிறார்.

நிற்கும் டவுன் பஸ்ஸைக் கடக்கும்போது 20-க்கு இறங்குங்கள். இறங்கியவர் பஸ்ஸின் முன்பக்கமாகத்தான் சாலையைக் கடப்பார். குழந்தை என்றால் ஓடும். பள்ளி விடும் நேரத்தில் சாலையின் ஒரு பக்கம் ஒரு சைக்கிள் குறுக்கே போனால் அதன் பின்னால் இன்னும் இரண்டு வரும் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

அறுவடைக் காலத்தில் சாலையே களமாகிவிடும். ராகி, சோளம், கொள்ளு என்று பாதிச் சாலைக்குப் பரப்பி, ஓரத்தில் கல் வைத்திருப்பார்கள். அதன்மேல் பைக்கில் பிரேக் பிடித்தால் வழுக்கும். அதற்கு முன்பே வேகத்தைக் குறைத்து, ஹேண்டிலைத் திருப்பாமல், பிரேக் தொடாமல் கடந்துவிடுங்கள். திட்டுவதெல்லாம் கடந்த பிறகு.

மரவள்ளிக் கிழங்கு சீசனில் சேகோ (ஜவ்வரிசி) ஆலைகளுக்குப் போகும் டிராக்டர்கள் இந்த மாவட்டத்துக்கே உரிய ஆபத்து. அந்தக் கிழங்கு ஏற்றிய டிரெய்லருக்குப் பின்விளக்கு இருக்காது, இருந்தால் மண் மூடியிருக்கும். பகலில் வேறொரு சிக்கல்: டிராக்டர்காரர் கைகாட்டாமல் வலதுபக்கம் காட்டுப்பாதைக்குத் திரும்புவார். முந்தும் முன் வலதுபக்கம் ஏதாவது வழி பிரிகிறதா என்று பாருங்கள். பிரிந்தால், அதைத் தாண்டும்வரை பின்னாலேயே போங்கள்.

நாய் குறுக்கே வந்தால் நேர்கோட்டிலேயே பிரேக் பிடியுங்கள். வெட்டித் திருப்பாதீர்கள். நாயைக் காப்பாற்றப் போய் எதிரே வரும் பைக்கில் மோதியவர்களும், புளியமரத்தில் மோதியவர்களும் உண்டு. ஆடு, மாடு கடந்தால் கூட்டம் முழுதும் போகும்வரை நில்லுங்கள். தாய் ஒரு பக்கம், குட்டி மறுபக்கம் இருந்தால் குட்டி கட்டாயம் ஓடும்.

5. மலை ஏற்றம்

அடிவாரத்தில் ஒருமுறை நிறுத்துங்கள். போன் அமைப்பு அப்படியே இருக்கிறதா, எல்லோரும் பெல்ட் போட்டிருக்கிறார்களா, எல்லோரும் "போய்" வந்தாயிற்றா என்று கேட்டுவிட்டு ஏறுங்கள். மேலே நினைத்த இடத்தில் நிறுத்த முடியாது.

வளைவுக்குள் நுழையும் முன் கியரைக் குறையுங்கள், வளைவுக்குள் குறைக்காதீர்கள். திருப்பத்தின் நடுவில் கியர் மாற்றினால் ஒரு கை ஸ்டியரிங்கை விடுகிறது, வண்டியும் இழுவை இழந்து நின்றுவிடுகிறது. பின்னால் பஸ் வருகிறது, வண்டி பின்னோக்கி உருள்கிறது, பதற்றத்தில் கிளட்ச்சை விடுகிறார்கள், இன்ஜின் அணைகிறது. முதல் தடவை ஏறுகிறவர்களிடம் இது அத்தனை சகஜம். கொண்டை ஊசி வளைவில் பெரும்பாலான கார்களுக்கு முதல் கியரோ இரண்டாவதோதான்.

வளைவுக்கு முன் ஒரு ஹாரன் அடித்து, காதைக் கொடுங்கள். கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கி, பாட்டை நிறுத்தினால்தான் பதில் ஹாரன் கேட்கும். மலையில் பாட்டு வேண்டாம் என்று நான் சொல்வது ரசனை இல்லாமல் அல்ல.

பஸ்ஸும் லாரியும் கொண்டை ஊசி வளைவில் சாலை முழுவதையும் எடுத்துக்கொள்ளும். அவற்றுக்கு வேறு வழியில்லை. மேலிருந்தோ கீழிருந்தோ பஸ் வருவது தெரிந்தால் வளைவுக்கு முன்பே, நேராக இருக்கும் இடத்தில் ஒதுங்கி நில்லுங்கள். மூக்கை வளைவுக்குள் நுழைத்துவிட்டு நின்றால் இரண்டு பேரும் மாட்டிக்கொள்வீர்கள். குறுகலான இடத்தில் ஏறுகிற வண்டிக்கு இறங்குகிற வண்டி வழிவிட வேண்டும் என்பது 2017 ஓட்டுநர் ஒழுங்குமுறை விதிகளிலேயே இருக்கிறது. எதிரே இறங்குகிறவருக்கு அது தெரியாமல் இருக்கலாம். உரிமையை வளைவில் நின்று வாதாட வேண்டாம்.

மேலே போகப் போக வேடிக்கை கூடும். சேலம் முழுக்கக் கீழே தெரியும், குரங்குகள் சுவரில் வரிசையாக உட்கார்ந்திருக்கும். ஓட்டுகிறவருக்கு இது எதுவும் கிடையாது. குரங்குக்குத் தின்பண்டம் நீட்ட ஒரு கார் வளைவில் நின்றால் பின்னால் நாலு வண்டி நிற்கிறது. பொறுமையில்லாத ஒருவர் கண்மூடித்தனமாக முந்துகிறார். பார்க்க வேண்டுமென்றால் அகலமான இடத்தில், சாலையை விட்டு முழுதாக ஒதுக்கி, இன்ஜினை அணைத்துவிட்டு இறங்கிப் பாருங்கள்.

6. இறக்கம்: இங்கேதான் தவறுகள் கூடுகின்றன

ஏறும்போது பயமிருக்கும், கவனமிருக்கும். இறங்கும்போது ஊர் சுற்றிய களைப்பு, சாப்பிட்ட மயக்கம், "வந்த வழிதானே" என்ற நினைப்பு. 2024 ஏப்ரல் இறுதியில் ஏற்காட்டிலிருந்து இறங்கிய தனியார் பஸ் ஒன்று கவிழ்ந்து பயணிகள் உயிரிழந்தது சேலத்துக்காரர்கள் யாரும் மறக்காத செய்தி.

ஏறும்போது எந்தக் கியரோ, இறங்கும்போதும் அதே கியர். இரண்டாவது கியரில் இன்ஜினே வண்டியைப் பிடித்துக்கொள்ளும். பிரேக்கை அழுத்திக்கொண்டே இறங்கினால் பிரேக் சூடேறும். சூடேறச் சூடேறப் பிடிப்பு குறையும். வளைவுக்கு முன் ஒருமுறை உறுதியாகப் பிடித்து, வேகம் குறைந்ததும் விட்டுவிடுங்கள். ஆட்டோமேட்டிக் கார் என்றால் குறைந்த கியரில் நிறுத்தி வைக்கும் நிலை இருக்கும். அது எது என்று அடிவாரத்திலேயே தெரிந்துகொள்ளுங்கள்.

நியூட்ரலில் போட்டு இறங்கினால் பெட்ரோல் மிச்சம் என்ற நம்பிக்கை இன்னும் சாகவில்லை. இன்றைய இன்ஜின்களில் கியரில் இருக்கும்போது ஆக்சிலேட்டரை விட்டால் எரிபொருள் போவது தானாக நிற்கும். நியூட்ரலில்தான் இன்ஜின் ஓடிக்கொண்டிருக்கக் கொஞ்சம் குடிக்கும். மிச்சமும் இல்லை, வண்டியைப் பிடிக்க ஆளும் இல்லை. இன்ஜினை அணைத்து இறங்குவது அதைவிட மோசம். பவர் ஸ்டியரிங்கும் பிரேக்குக்கான உதவியும் போய்விடும்.

கியர் இல்லாத ஸ்கூட்டர்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். அவற்றில் இன்ஜின் பிடிப்பு குறைவு, பாரம் முழுக்க பிரேக்கின் மேல். இரண்டு பேர் உட்கார்ந்து தொடர்ந்து இறங்கினால் டிரம் பிரேக் கருகிய வாடை அடிக்கும், லீவர் வழக்கத்தைவிட உள்ளே போகும். வாடை வந்ததும் அகலமான இடத்தில் நிறுத்தி, ஆறவிடுங்கள். தண்ணீர் ஊற்றாதீர்கள். ஊற்றினால் சூடான பாகம் வெடிக்கவோ கோணவோ கூடும்.

குப்பனூர் வழி அடிவாரம் வழியைவிடக் குறுகல், ஆள் நடமாட்டமும் குறைவு. கோடை விழா நாட்களில் வழக்கமாக அடிவாரம் வழி ஏற்றம், குப்பனூர் வழி இறக்கம் என்று ஒருவழியாக்குவார்கள். கிளம்பும் முன் அன்றைய ஏற்பாட்டைக் கேட்டுக்கொள்ளுங்கள். ஒருவழி என்ற தைரியத்தில் வளைவை வெட்டாதீர்கள். உள்ளூர்க்காரரின் பைக்கும் அவசர ஊர்தியும் எப்போது வேண்டுமானாலும் எதிரே வரலாம்.

இன்னொன்று. மேலே சிக்னல் இல்லாமல் இருந்த போனுக்குக் கீழே வர வர உயிர் வரும். அதுவரை தேங்கிய செய்திகள் ஒன்றன்பின் ஒன்றாக விழும். அது சரியாகக் கடைசி வளைவுகளில், கால் களைத்திருக்கும் நேரத்தில் நடக்கும். அமைதி அமைப்பை மேலே படம் எடுக்கும்போது எடுத்துவிட்டிருப்பீர்கள். இறங்கும் முன் திரும்பப் போடுங்கள்.

7. பனி, மழை, இருட்டு

பனிமூட்டத்தில் விளக்கை டிம்மில் வையுங்கள். பிரைட் போட்டால் வெளிச்சம் பனியிலேயே பட்டு உங்கள் கண்ணுக்கே திரும்பும். நான்கு இண்டிகேட்டரையும் போட்டுக்கொண்டு ஓட்டுவது இங்கே ஒரு வழக்கமாகிவிட்டது. பின்னால் வருகிறவருக்கு நீங்கள் நிற்கிறீர்களா, ஓடுகிறீர்களா, எந்தப் பக்கம் திரும்புகிறீர்கள் என்று எதுவும் புரியாது. நின்றால் மட்டும் போடுங்கள். வெள்ளைக்கோடு தெரிகிற தூரம்தான் உங்கள் தூரம். மூன்றாம் பகுதியின் கணக்கு அப்படியே இங்கும்.

வடகிழக்குப் பருவமழையில் மலைப்பாதையில் மண்ணும் கல்லும் சரியும். 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழையில் ஏற்காடு பாதையில் மண்சரிவு ஏற்பட்டுப் போக்குவரத்து தடைபட்டது. கனமழை எச்சரிக்கை இருந்தால் பயணத்தைத் தள்ளிப்போடுங்கள். நடுவழியில் மாட்டினால், செங்குத்தான மண்சுவருக்குக் கீழே மட்டும் ஒதுங்கி நிற்காதீர்கள்.

மாலை மங்கினால் எஸ்டேட் ஓரங்களில் காட்டெருமை நிற்கும். கறுப்பு உடம்பு, கறுப்புச் சாலை. கால்களின் வெள்ளை மட்டும்தான் முதலில் தெரியும். தூரத்திலேயே நிறுத்தி, ஹாரன் அடிக்காமல், விளக்கைத் தணித்து, அது நகரும்வரை காத்திருங்கள். போன் கேமராவோடு கீழே இறங்குவது வேண்டாம்.

சமவெளிக்கு வந்த பிறகு இருட்டில் வேகம் தானாக ஏறும், ஏனென்றால் சாலை நேராக இருக்கிறது. ஆனால் டிம் விளக்கில் தெரிவது பெரும்பாலும் 40 மீட்டர் அளவுதான், அதாவது ஒரு கம்ப தூரத்துக்கும் குறைவு. 50-க்கு மேல் போனால், விளக்கில்லாத கிழங்கு டிராக்டர் தெரிந்த பிறகு நிறுத்த இடமிருக்காது. எதிரே வருகிறவர் டிம் செய்யாவிட்டால் அவரது விளக்கைப் பார்க்காமல் இடது ஓரக் கோட்டைப் பாருங்கள், 30-க்கு இறங்குங்கள். அவர் கடந்த பிறகும் சில நொடிகள் கண் சரியாகாது. அந்த நொடிகளில்தான் ஓரமாகச் சைக்கிள் தள்ளிக்கொண்டு போகிறவர் மறைந்துபோகிறார். பதிலுக்கு நீங்களும் பிரைட் போட்டால் இரண்டு பேருக்கும் பார்வை இல்லை.

8. ஏதாவது நடந்துவிட்டால்

உங்கள் வண்டியாக இருந்தாலும் வேறொருவருடையதாக இருந்தாலும் வரிசை ஒன்றுதான். முதலில் பின்னால் வரும் வண்டிகளைத் தடுங்கள்: வளைவுக்கு மேலே ஒருவர், கீழே ஒருவர் நின்று கைகாட்ட வேண்டும். மலையில் இரண்டாவது மோதல் முதல் மோதலைவிட மோசமாக முடியும். அடுத்து 108. இடம் சொல்லும்போது வளைவு எண்ணைச் சொல்லுங்கள். ஒவ்வொரு வளைவிலும் பலகை உண்டு. இதற்காகவே ஏறும்போதும் இறங்கும்போதும் கடந்த எண்ணைப் பக்கத்தில் இருப்பவர் சொல்லிக்கொண்டே வரட்டும்.

ஹெல்மெட்டை இழுத்துக் கழற்றாதீர்கள், அடிபட்டவரை உட்கார வைத்துத் தண்ணீர் கொடுக்காதீர்கள். ரத்தம் வரும் இடத்தில் துணியை வைத்து அழுத்திப் பிடியுங்கள். உதவினால் போலீஸ், கோர்ட்டு என்று அலைய வேண்டிவரும் என்று பலர் ஒதுங்குகிறார்கள். நல்லெண்ணத்தில் உதவுகிறவருக்குச் சட்டப் பாதுகாப்பு 2019 திருத்தத்திலேயே 134ஏ பிரிவாக வந்துவிட்டது. தமிழ்நாட்டில் 2021 டிசம்பரில் தொடங்கிய இன்னுயிர் காப்போம் திட்டத்தில், சாலை விபத்தில் அடிபட்டவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சைச் செலவை, திட்டத்தில் சேர்ந்த மருத்துவமனைகளில் குறிப்பிட்ட வரம்புக்குள் அரசே ஏற்கிறது. காசில்லையே என்று யோசித்து நேரத்தை விடாதீர்கள்.

9. பழக வேண்டிய வரிசை

நேராக ஏற்காட்டிலிருந்து தொடங்காதீர்கள். முதலில் ஞாயிறு காலையில், நடமாட்டம் குறைந்த ஊர்ச் சாலை. அங்கே கம்ப தூரத்தை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே ஓட்டுங்கள்: "ஒரு கம்பம் தெரியுது, முப்பது." பக்கத்தில் இருப்பவர் ஒப்புக்கொள்கிறாரா பாருங்கள். வாய் சொல்வதும் முள் காட்டுவதும் ஒத்துப்போகத் தொடங்கிய பிறகு, அதே சாலையில் மாலை நேரம், பிறகு இருட்டு.

மலைக்கு வார நாளில், காலையில் போங்கள். விடுமுறை நாளிலும் கோடை விழாவிலும் போவதைத் தள்ளிப்போடுங்கள். முதல் தடவை ஏறி இறங்க இரண்டுமே அடிவாரம் வழி. குப்பனூர் அதற்கு அடுத்த தடவை. மலையில் இருட்டு கடைசி.

பக்கத்து சீட்டில் அனுபவம் உள்ள ஒருவர் இருக்கட்டும். ஆனால் அவர் வாய் ஓயாமல் "பாத்து, பாத்து" என்கிறவராக இருக்கக் கூடாது. அதுவும் ஒரு கவனச்சிதறல்தான். எப்போது என்ன சொல்லலாம் என்று கிளம்பும் முன்பே பேசிக்கொள்ளுங்கள். நான் வைத்துக்கொள்வது மூன்றே சொல்: "கியர்", "ஹாரன்", "நிறுத்து". மற்றதெல்லாம் மேலே போய் டீக்கடையில்.